ஒரு புறாவை நம்பி நிற்கும் மரம்

ஆக்லாந்து துறைமுகப் பாலத்தைக் கடந்து வடகரைக்குப் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி, விளையாட்டுத் திடல் ஒன்றின் விளிம்பில், ஸ்மித்ஸ் புஷ் என்ற சிறு காடு இருக்கிறது. 1950களின் இறுதியில் நெடுஞ்சாலை போட்டபோது இந்தக் காட்டின் நடுவே கோடு கிழித்தார்கள். காடு இரண்டு துண்டானது. இன்றைக்கு உள்ளே நுழைந்து பத்தடி நடந்தாலும் லாரிகளின் இரைச்சல் விடாமல் கூடவே வருகிறது. ஆனால் வெளிச்சம் மட்டும் சட்டென்று மாறிவிடும். நண்பகலிலும் அந்தி போல ஒரு பச்சை இருட்டு. ஈரமான பள்ளங்களில் கஹிகதேயா மரங்கள் கம்பம் நட்டது போல உயர்ந்து நிற்கின்றன. முடிச்சு முடிச்சாகப் பருத்த பூரிரி மரங்கள் மேட்டுப் பக்கம். இவற்றுக்கிடையே அந்த இருட்டுக்கு முக்கியக் காரணமான மரம் ஒன்று உண்டு. மாவோரி மொழியில் அதன் பெயர் தராயிரே.

கீழே கிடக்கும் அதன் இலையைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது தடிப்பு. மடித்தால் முறியும் அளவுக்குத் தோல் போன்ற இலை. மேற்புறத்தில் நரம்புகள் உள்வாங்கி, மெத்தையில் தையல் ஓடியது போலப் பள்ளம் விழுந்திருக்கும். அடிப்புறம் சாம்பல் பூத்த வெளிறிய நிறம். புதுத் தளிர் முழுவதும் செம்பழுப்பு நிற மென்மயிர், தொட்டால் வெல்வெட். இந்த இலைகள் எளிதில் மட்காமல் தரையில் அடுக்கடுக்காகக் கிடப்பதால், தராயிரே காட்டில் நடக்கிறவர் காலடி நொறுங்கும் சத்தத்தோடுதான் நடப்பார். இலைகளுக்கு நடுவே அங்கங்கே பழங்கள். நம் ஊர் நாவற்பழத்தை இன்னும் நீட்டிப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி: ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் நீளம், கருநீலம், மேலே விரலால் துடைத்தால் போகும் வெண்பூச்சு. நகத்தால் கீறினால் மெல்லிய சதை, டர்பன்டைன் சாயலில் ஒரு வாசனை, அதற்குள்ளே ஒரே ஒரு பெரிய விதை.

அந்த மரத்தடியில் குனிந்து பார்த்தால் விரல் உயரத்துக்கு நாற்றுகள் முளைத்திருக்கும். பெரிய மரங்களும் கண்ணில் படும், சிறு நாற்றுகளும் கண்ணில் படும். இரண்டுக்கும் நடுவே, இடுப்பு உயரத்திலும் ஆள் உயரத்திலும் இருக்கவேண்டிய இளமரங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஒரு காட்டின் எதிர்காலத்தை அறிய நான் பார்க்கும் இடம் அந்த நடுவயதுதான். தாத்தாக்களும் கைக்குழந்தைகளும் மட்டுமே இருக்கும் ஊர் போன்ற காடு, பார்ப்பதற்குப் பசுமையாக இருந்தாலும் கவலைக்குரியது.

தராயிரேயின் அறிவியல் பேரினம் பெயில்ஷ்மீடியா. லாரல் குடும்பம் எனப்படும் லாரேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் பெயர் தெரியாவிட்டாலும் அதன் உறுப்பினர்கள் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் பூசை அறையிலும் இருக்கிறார்கள். பட்டை, ஈழத்தில் கறுவா, பிரியாணியில் போடும் பிரிஞ்சி இலை, பழைய நாட்களில் மரத்திலிருந்தே எடுக்கப்பட்ட கர்ப்பூரம், பழக்கடையில் பட்டர் ஃப்ரூட் என்று கேட்டு வாங்கும் வெண்ணெய்ப்பழம் எல்லாம் ஒரே குடும்பம். ஊதுவத்தி மாவு குச்சியில் ஒட்டிப்பிடிக்க ஜிகட் என்ற பட்டைத்தூளைக் கலப்பார்கள். அதுவும் இந்தக் குடும்பத்து மரங்களின் பட்டையை அரைத்த தூள்தான்; மலைக்காடுகளில் கோலமாவு என்று அழைக்கப்படும் மரம் அவற்றில் ஒன்று. கடற்கரைப் புதர்களின் மேல் மஞ்சள் நூல் போலப் படரும் கொத்தான் ஒட்டுண்ணிக் கொடிகூட இதே குடும்பந்தான் என்றால் பலருக்கும் வியப்பாக இருக்கும். கொத்தானின் தங்கை ஒன்று நியூசிலாந்தின் வடகோடியிலும் படர்கிறது.

இந்தக் குடும்பத்தை அடையாளம் காண ஒரு நல்ல வழி உண்டு. பூ மிகச் சிறியது, கைக்கண்ணாடி வேண்டும். அதன் மகரந்தப்பை மற்றப் பூக்களில் போல நீளவாக்கில் வெடிப்பதில்லை. சின்னஞ்சிறு ஜன்னல் கதவு கீழிருந்து மேலாகத் தூக்கிக்கொண்டதுபோல, மடல் ஒன்று உயர்ந்து மகரந்தத்தை வெளியே நீட்டும். கறுவாப் பூவிலும் இந்தக் கதவு உண்டு, தராயிரே பூவிலும் உண்டு.

பெயில்ஷ்மீடியாவில் ஏறக்குறைய 250 இனங்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று வெப்பமண்டலத்தைச் சுற்றிலும் பசுமைமாறாக் காடுகளில் பரவியிருப்பவை. பேரினத்துக்குப் பெயர் கொடுத்தவர் நீஸ் ஃபான் எசன்பெக் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர். சைலீசியாவில் மருந்துக்கடை நடத்திக்கொண்டே தாவரவியலும் பயின்ற கார்ல் டிராகோட் பெயில்ஷ்மீட் (1793–1848) நினைவாக வைத்தார். நம் மேற்கு மலைத்தொடரின் தென்பகுதியிலும் இப்பேரினம் உண்டு. அதில் ஓர் இனத்தின் பெயர் பெயில்ஷ்மீடியா வைட்டியை. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட்டின் பெயரைத் தாங்கியது. வைட்டின் நூல்களில் தென்னிந்தியச் செடிகொடிகளை வரைந்த கைகள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்களுடையவை. இனப்பெயர்களில் வைட் இருக்கிறார். அந்த இருவரின் பெயரையும் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பவன் நான்.

தராயிரேயைத் தாவரவியலாளர் ஆலன் கன்னிங்ஹாம் 1838இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார், அப்போது லாரஸ் என்ற பேரினத்தில் வைத்து. மாவோரிப் பெயரையே இனப்பெயராக எடுத்துக்கொண்டார். மரம் இருபது மீட்டருக்கு மேல் வளரும். நியூசிலாந்தின் வடதீவில் மட்டுமே, அதிலும் பனி உறையாத வடபகுதியில்தான் தானாக வளர்கிறது. ஆக்லாந்தும் அதற்கு வடக்கே நீளும் நிலமுமே அதன் நெஞ்சகம். அதன் சகோதரி தவா, குளிரை ஓரளவு தாங்குவதால், தென்தீவின் வடமுனை வரைக்கும் போயிருக்கிறது. வெப்பமண்டலத்துப் பேரினம் ஒன்று பூமியின் தெற்கே இவ்வளவு தூரம் வந்து நிற்பது எப்படி என்ற கேள்விக்கு, நிலத்துக்கு அடியில் பதில் இருக்கிறது. ஆனால் அதைப் படிப்பது எளிதாக இல்லை.

பழைய காடுகளின் வரலாற்றைப் பொதுவாக மகரந்தம் சொல்லும். சதுப்பிலும் ஏரிச் சேற்றிலும் ஆண்டாண்டாகப் படியும் மகரந்தத் துகள்களை எண்ணி, எந்தக் காலத்தில் எந்த மரம் நின்றது என்று கணக்கிடுவார்கள். லாரல் குடும்பத்து மகரந்தத்தின் ஓடு மிக மெல்லியது. சேற்றில் நிலைக்காமல் சிதைந்துவிடும். ஒரு காலத்தில் காடெங்கும் நிறைந்திருந்தாலும், மகரந்தக் கணக்கில் இக்குடும்பம் இல்லாததுபோலவே தோன்றும். ஆகவே இலைதான் கிடைக்க வேண்டும். அப்படி இலை கிடைத்த இடம் தென்தீவில் ஒடாகோ பகுதியிலுள்ள ஃபோல்டன் மார். சுமார் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்த பள்ளத்தில் தேங்கிய ஏரி அது. அடியில் பாசி ஓடுகள் ஆண்டுக்கொரு படலமாகப் படிய, புத்தகத் தாள்களுக்கிடையே வைத்ததுபோல இலைகளும் பூக்களும் பூச்சிகளும் மீன்களும் பாதுகாக்கப்பட்டன. ஒடாகோ பல்கலைக்கழகத்தின் டாஃப்னி லீயும் அவருடைய குழுவினரும் அங்கே கண்ட இலைகளில் மிகுதியானவை லாரல் குடும்பத்தவை. இன்று உறைபனி விழும் அந்த இடத்தில் அன்று வெப்பக் காடு இருந்தது. பிற்காலத்தில் குளிர் ஏறஏற அந்தக் காடு வடக்கே ஒதுங்கியது. ஆக்லாந்தின் தராயிரே அந்தப் பழைய காட்டின் எச்சம் என்று சொன்னால் தவறாகாது. அந்தப் படிவத்தை வெட்டி எடுத்துக் கால்நடைத் தீவனத்தில் கலக்க ஒரு சுரங்கத் திட்டம் வந்தது. மக்கள் எதிர்ப்பில் அது நின்றுபோய், கடைசியில் டனீடின் நகரசபையே 2023இல் நிலத்தை வாங்கிக் காப்பாற்றியது.

இனி, பழத்துக்கு வருவோம். மூன்றரை சென்டிமீட்டர் பழத்தை முழுதாக விழுங்கி, விதையைச் சிதைக்காமல் வேறிடத்தில் போட ஒரு வாய் வேண்டும். மனிதர் வருமுன் நியூசிலாந்தில் வௌவாலைத் தவிர நிலப் பாலூட்டி கிடையாது. குரங்கு இல்லை, மரநாய் இல்லை. இந்த வேலை முழுவதையும் பறவைகளே செய்தன. மனிதர் வந்த பின் அங்கிருந்த பறவைகளில் பல அழிந்தன. இன்று சுமார் 14 மில்லிமீட்டருக்கு மேல் அகலமுள்ள பழங்களை விழுங்கிப் பரப்ப மிஞ்சியிருப்பது கெரெரூ என்ற புறா. வடக்கே இதைக் கூக்குப்பா என்பார்கள். தராயிரே, தவா, கரகா ஆகிய பெருவிதை மரங்களுக்கெல்லாம் அந்த ஒரே வாய்தான்.

கெரெரூ நம் மாடப்புறாவைப் போல இரண்டு மடங்கு இருக்கும், எடை அறுநூறு கிராமுக்கு மேல். தலையும் கழுத்தும் பச்சையும் ஊதாவுமாக மின்னும். மார்பு சுண்ணாம்பு வெள்ளை, நேர்க்கோடு போட்டு வெட்டியதுபோல. மாவோரிக் கதையில் மாவீ என்ற வீரன் தாயின் இடுப்புத்துணியைக் கட்டிக்கொண்டு புறாவாக மாறியதால் வந்த வெள்ளை அது. தராயிரே மரத்தில் இந்தப் பறவை உட்கார்ந்து தின்பதைப் பார்ப்பது பொறுமைக்குக் கிடைக்கும் பரிசு. கொம்பின் நுனிவரை கனத்த உடலோடு நடந்து போகும். கழுத்தை நீட்டிப் பழத்தைக் கவ்வி, தலையைப் பின்னால் சாய்த்து ஒரு தள்ளு. பழம் தொண்டையில் இறங்குவது வெளியே புடைப்பாகத் தெரியும். பிறகு நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். சதை மட்டும் செரித்துவிடும், விதை முழுசாக வெளியே வரும். பெரும்பாலானவை அருகிலேயே விழும். சில மட்டும் அடுத்த பள்ளத்தாக்கில் விழும். ஒரு காடு இன்னொரு துண்டுக் காட்டோடு பேசிக்கொள்வது அந்தச் சில விதைகளால்தான்.

இந்தப் பறவை இல்லாமல் போனால் மரத்துக்கு என்ன ஆகும்? பொதுவாக இப்படிப்பட்ட கேள்விக்கு ஊகமே பதிலாக வரும். டெப்ரா வாட்டன், டேவ் கெல்லி என்ற இரு ஆய்வாளர்கள் அதைச் சோதனையாகவே செய்து 2011இல் வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்ட மரங்கள் இரண்டு: தராயிரே, கரகா. சில விதைகளைப் பழமாகவே விட்டார்கள், சிலவற்றில் புறா செய்வதுபோலச் சதையை நீக்கினார்கள். சிலவற்றைத் தாய்மரத்தடியில் வைத்தார்கள், சிலவற்றைத் தள்ளி வைத்தார்கள். சிலவற்றைச் சுற்றி எலியும் பிற விலங்குகளும் நுழையாதபடி கம்பிவலை, சிலவற்றுக்கு அதுவும் இல்லை. இந்த மூன்றையும் எல்லா விதத்திலும் கலந்து பார்த்து, இரண்டு ஆண்டுக்குப் பிறகு எத்தனை நாற்றுகள் உயிரோடு நிற்கின்றன என்று எண்ணினார்கள். பரப்பும் பறவை அடியோடு இல்லாவிட்டால் இரண்டு வயது நாற்றுகள் 66 முதல் 81 விழுக்காடு குறையும். வெளியிலிருந்து வந்த பாலூட்டிகள் விதையையும் நாற்றையும் தின்பதும் சேர்ந்துகொண்டால் இழப்பு 92 முதல் 94 விழுக்காடு. இவை நடந்தால் என்ற கணக்கு. இன்று நடப்பதற்கும் ஒரு கணக்கு கொடுத்தார்கள்: புறாக்கள் குறைந்து, பழங்கள் தின்ன ஆளில்லாமல் உதிர்ந்து கிடக்க, விதையையும் நாற்றையும் பாலூட்டிகள் தின்னும் இப்போதைய நிலையிலேயே, இருக்கவேண்டிய நாற்றுகளில் 57 முதல் 84 விழுக்காடு குறைவு.

இந்த எண்களைப் படித்தபோது ஸ்மித்ஸ் புஷ்ஷின் தரை என் கண்முன் வந்தது. தாய்மரத்தடியில் முளைத்த நாற்றுகள் ஏன் வளர்வதில்லை என்பதற்கும் அதே சோதனை பதில் சொல்கிறது. தாய்மரத்தைப் பிடித்த பூச்சியும் பூசணமும் தரையில் அங்கேயே காத்திருக்கின்றன. உடன்பிறந்த நாற்றுகளின் நெரிசல் அவற்றுக்கு விருந்து. ஆகவே தள்ளிப் போய் விழுந்த விதைக்குத்தான் வாழ்வு. விதை முளைப்பதைக் காட்டிலும், முளைத்த நாற்று பிழைப்பதில்தான் பறவை இல்லாத குறை பெரிதாகத் தெரிந்தது. மரத்தடியில் பசுமையாகத் தெரிந்த அந்த நாற்றுகள் நமக்கு நம்பிக்கை தரக்கூடாது என்பதை நான் அதற்குப் பிறகுதான் உணர்ந்தேன்.

மாவோரிகள் இந்த மரத்தையும் புறாவையும் ஒரே வாழ்க்கையின் இரண்டு பக்கமாக அறிந்திருந்தார்கள். தராயிரே, தவா விதைகளின் பருப்பை நிலத்தடி அடுப்பில் சூடாக்கிய கற்களின் ஆவியில் நெடுநேரம் வேகவைத்துத் தின்றார்கள். தவாப் பருப்பைக் காயவைத்துப் பஞ்ச காலத்துக்குச் சேமித்தார்கள். தவா மரத்தின் நேரான கட்டையைச் சீவிச்சீவி, மரக்கிளைகளுக்கிடையே சத்தமின்றி மேலேற்றும் நீண்ட ஈட்டி செய்தார்கள். அது புறா பிடிக்கும் ஈட்டி. பழம் தின்ற புறாவுக்குத் தாகம் எடுக்கும் என்பது தெரிந்து, குடைந்த மரத்தொட்டியில் நீர் நிரப்பி விளிம்பைச் சுற்றிச் சுருக்கு மாட்டி மரத்தில் கட்டினார்கள். பிடித்த புறாக்களை அவற்றின் கொழுப்பிலேயே ஊறவைத்துச் சுரைக்குடுக்கைகளில் பதப்படுத்தினார்கள். எந்தக் காட்டில் எந்தப் பருவத்தில் பிடிக்கலாம், எப்போது தடை என்பதை முடிவு செய்வதற்கு அவர்களிடம் முறை இருந்தது. காட்டை வெட்டிய குடியேற்றமும், துப்பாக்கியும், வெளியிலிருந்து வந்த விலங்குகளும் சேர்ந்து அந்தக் கணக்கைக் குலைத்தன. 1921ஆம் ஆண்டுச் சட்டம் கெரெரூ வேட்டையை முழுமையாகத் தடை செய்தது. காட்டோடு மக்களுக்கிருந்த உறவின் ஒரு பகுதி அதோடு அறுந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு கிளைக்கதை. மாவோரிகளின் பழைய தாவர உணவுகளைப் பற்றி 1880இல் விரிவான கட்டுரை ஒன்றைப் படைத்தவர் வில்லியம் கொலென்சோ. பாதிரியார்களின் அச்சகத்துக்காக வந்து தாவரவியலாளராகவே ஆகிவிட்டவர். ஆக்லாந்துக்கு வடக்கே ஃபாங்காரெய் பக்கத்துக் கிராமமொன்றில் 1836 வாக்கில், பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டு, இரும்புப் பானை ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். அது கப்பல் மணி. அதில் இருந்தது தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பலுக்குரியது என்று இன்று அடையாளம் காணப்படும் அந்த மணி, வெலிங்டனில் தெ பாபா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது எப்படி அங்கு வந்தது என்பதைப் பற்றிப் பலரும் பலவிதமாக எழுதிவிட்டார்கள். நான் அதைச் சொல்வது வேறொன்றுக்காக. அந்த மணி கிடைத்த நாடு தராயிரே நாடு. அந்தப் பானை கொதித்த அடுப்பைச் சுற்றி இந்த மரமும் இந்தப் புறாவும் இருந்திருக்கும்.

கப்பலில் நம் பக்கத்திலிருந்து போன இன்னொன்றுக்கும் இக்கதையில் பெரிய பங்கு. நம் ஓட்டுவீட்டுக் கூரையில் இரவில் ஓடும் கறுப்பெலி, ஆங்கிலேயர் கப்பல் எலி என்று பெயர் வைத்தது, இந்தியத் துணைக்கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது. பட்டையும் மிளகும் ஏறிய கப்பல்களில் தானும் ஏறி மேற்கே போய், ஐரோப்பா முழுதும் பரவி, கடைசியில் ஐரோப்பியக் கப்பல்களிலேயே நியூசிலாந்துக்கு வந்திறங்கியது. 1860களுக்குப் பிறகு வடதீவின் காடுகளில் நிலைகொண்டது. மரம் ஏறுவதில் இதற்கு இணையான எலி அங்கே கிடையாது. கெரெரூ கட்டும் கூடோ நாலு சுள்ளியைக் குறுக்கே போட்ட தட்டு; கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் சில சமயம் முட்டை தெரியும். இடுவது ஒரே முட்டை. அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு பறக்க மேலும் ஒரு மாதத்துக்கு மேல். அந்த இரண்டு மாதத்தில் எலி ஒருமுறை வந்தால் போதும்.

இதைக் காட்டித்தந்த இடங்களில் ஒன்று ஆக்லாந்தின் வடக்கே கடலோரமாக உள்ள வெண்டர்ஹோம். 1965இல் திறக்கப்பட்ட ஆக்லாந்தின் முதல் வட்டாரப் பூங்கா அது. இரண்டு கழிமுகங்களுக்கிடையே கடலுக்குள் நீளும் மேட்டில் தராயிரேயும் பூரிரியும் நிறைந்த பழைய காடு நிற்கிறது. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் மிக் கிளவுட்டும் கூட்டாளிகளும் 1980களின் இறுதியிலிருந்து அங்கே கெரெரூவின் கூடுகளைத் தேடித்தேடிக் கண்காணித்தார்கள். பழத்துக்குக் குறைவில்லை, புறாக்கள் கூடு கட்டின, முட்டையிட்டன, ஆனால் ஏறக்குறைய எல்லாக் கூடுகளும் வீணாயின. 1990களின் தொடக்கத்தில் அங்கே எலிகளை மும்முரமாகக் கட்டுப்படுத்திய பிறகு குஞ்சுகள் பறக்கத் தொடங்கின. 1995இல் வெளிவந்த அந்த முடிவைப் படிப்பவருக்கு ஒரு விஷயம் உறைக்கும்: அதுவரை அந்தக் காட்டில் பறந்த புறாக்களைப் பார்த்து யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். புறா நீண்ட ஆயுள் உள்ள பறவை. கிழப்புறாக்கள் ஆண்டுதோறும் கூடு கட்டித் தோற்றுக்கொண்டே இருக்கும்போதும் வானத்தில் புறா தெரியும். மரத்தின் கதையும் அதுவேதான். வடக்கே மோத்தாத்தாவ் காட்டில் நாத்தி ஹீனே என்ற மாவோரிக் குலத்து மக்கள் தங்கள் கூக்குப்பாக்கள் குறைவதைக் கண்டு, ஆய்வாளர்களோடு சேர்ந்து பொறி வைத்து, அங்கேயும் இதே முடிவைக் கண்டார்கள்.

எலி ஒன்றோடு முடிந்தால் பரவாயில்லை. ஆக்லாந்தின் துண்டுக் காடுகளில் பலவற்றின் தரையைத் தென்னமெரிக்காவிலிருந்து வந்த டிரெடெஸ்கான்சியா என்ற நிலப்படர் செடி மூடிவிட்டது. நம் வயல் வரப்பில் நீலப்பூ பூக்கும் கானாம்வாழையின் உறவு. ஒரு கணு தரையில் பட்டால் வேர்விடும். முழங்கால் அளவு மெத்தையாகப் படர்ந்துவிட்டால், புறா கொண்டுவந்து போட்ட விதைகூட அடியில் ஒளியின்றிப் போகிறது. 2011 முதல் பிரேசிலிலிருந்து இதைத் தின்னும் வண்டுகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் அக்கம்பக்கத்து மக்கள் விடுமுறை நாட்களில் குனிந்து கையால் வாரிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு துண்டு விட்டுப்போனாலும் அடுத்த ஆண்டு திரும்பும் செடியோடு அவர்கள் நடத்தும் போராட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதையெல்லாம் நம் மலைகளோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஆனைமலையில் கோலமாவு பழுத்தால் வருபவர்களின் பட்டியல் நீளமானது. பெரிய இருவாச்சி வரும், சின்ன இருவாச்சி வரும், குக்குறுவான் வரும், மலைப்புறா வரும். மற்ற மரங்களுக்குச் சிங்கவால் குரங்கும் இரவில் மரநாயும் வரும். ஒருவர் குறைந்தால் இன்னொருவர் ஓரளவு ஈடு செய்வார். இயற்கை அங்கே பல சாவிகள் செய்து வைத்திருக்கிறது. ஆனால் சாவி பல இருக்கும்போது தொலைவது தெரிவதில்லை. வால்பாறைப் பீடபூமியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தேயிலைக்காகக் காடு வெட்டப்பட்டு, இன்று தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக மழைக்காடு நிற்கிறது. அந்தத் துண்டுகளில் இருவாச்சி வந்து போகிறதா என்பதே பெருவிதை மரங்களின் நாளை. திவ்யா முத்தப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் வழியாக அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காட்டு மரங்களின் விதைகளைச் சேகரித்து, நாற்றங்காலில் வளர்த்து, சீரழிந்த துண்டுகளில் நட்டு வருகிறார்கள். சாலையில் விழுந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்கப்போகும் விதைகளும் அவர்கள் கையில் பிழைக்கின்றன. இருவாச்சி செய்யும் வேலையை மனிதர் கையால் செய்வது அது. ஆக்லாந்தைப் பார்த்தவனுக்கு அந்த நாற்றங்கால்களின் அருமை இன்னும் நன்றாகப் புரிகிறது.

ஏனென்றால் இந்த மரங்களுக்கு விதை வங்கி உதவாது. நெல்லையும் கம்பையும் உலர்த்தி, பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரியில் உறையவைத்து, நூறாண்டு கழித்தும் முளைக்க வைக்கலாம். தராயிரே, தவா விதைகள் ஈரத்தோடு வாழ்பவை. உலர்ந்தால் உயிர் போய்விடும். வெண்ணெய்ப்பழக் கொட்டையை நாலு வாரம் வெயிலில் போட்டுவிட்டு நட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எனவே பழுத்த பருவத்தில் எடுத்து, சதை நீக்கி, காயாமல் உடனே விதைக்க வேண்டும். முளைத்த கன்றைப் பனி படாமல் நிழலில் காக்க வேண்டும், ஏனென்றால் தராயிரே வெட்டவெளியில் முதலில் வந்து காலூன்றும் மரம் அன்று. மற்ற மரங்கள் முன்னால் வந்து நிழல் போட்ட பிறகு அவற்றின் அடியில் வளர்ந்து, கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே குடை விரிப்பது. ஒரு மலைச்சரிவில் மக்கள் இன்று ஆயிரம் மரம் நடலாம், அது நல்ல காரியம். ஆனால் தராயிரே தானாக வந்து சேரும் நாள்தான் அந்தச் சரிவு காடாகும் நாள், அதற்குப் புறா வேண்டும்.

அந்தப் புறாவுக்காக ஆக்லாந்தில் நடப்பது எனக்கு நெகிழ்ச்சி தருகிறது. 2016இல் அரசு, 2050க்குள் எலி, நீர்நாய்க் குடும்பத்து ஸ்டோட், பாசம் என்ற பைப்பாலூட்டி ஆகியவற்றை நாட்டிலிருந்தே அகற்றுவோம் என்று அறிவித்தது. நடக்குமா என்று ஐயப்படுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களின் ஐயத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் அறிவிப்புக்கு முன்பே தெருவுக்குத் தெரு மக்கள் தொடங்கிவிட்டார்கள். கொல்லையில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் எலிப்பொறி, பொறியில் ஒரு துளி வேர்க்கடலை வெண்ணெய். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் பெட்டியைத் திறந்து பார்ப்பது பலருக்கு நாளிதழ் எடுப்பது போல வழக்கமாகிவிட்டது. நம்மவர் வீடுகள் சிலவற்றிலும், கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறேன்.

வைதாக்கரே மலைத்தொடரை ஒட்டிய மேற்குப் புறநகர்களில், இந்தப் பெட்டிகள் நெருக்கமாக உள்ள தெருக்களில், புறா இப்போது மின்கம்பியிலும் வேலியோரப் பிளம் மரத்திலும் உட்காருகிறது. அது வருவதைப் பார்ப்பதற்கு முன் காது அறிந்துவிடும். சிறகடிக்கும் ஓசை அவ்வளவு கனமானது, ஈரத்துணியை யாரோ விடாமல் உதறுவது போல. கொல்லை வேலியைத் தாண்டி, கூரைக்கு மேலாக, பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் உள்ள துண்டுக் காட்டை நோக்கி அது போகும்போது அதன் வயிற்றில் ஒரு தராயிரே விதை இருக்கலாம்.